எந்தப் பாடத்துக்கு ஃபீஸ் வேணாம்? சேரம்பாடில இருந்து ஒரு கணக்கு

போன ஜூன்ல, நீலகிரில சேரம்பாடி தேயிலைத் தோட்டத்துல எங்க பக்கத்து லைன் (தொழிலாளர் குடியிருப்பு) அக்கா ஒரு ரசீத கொண்டாந்து என் கைல குடுத்துச்சு. "தம்பி, இத கொஞ்சம் பாத்து சொல்லுப்பா, கவர்மெண்ட் காலேஜு ஃப்ரீன்னுதானே சொன்னாங்க, அப்புறம் எதுக்கு காசு வாங்கிருக்காங்க?" பொண்ணுக்கு ஊட்டி அரசு கலைக் கல்லூரில சீட் கெடச்சிருக்கு, அதுக்கான ரசீது. ட்யூஷன் ஃபீஸ்னு போட்ட இடத்துல ஒண்ணுமே இல்ல, கோடுதான். அதுக்குக் கீழ சிறப்புக் கட்டணம், பல்கலைக்கழகக் கட்டணம், அது இதுன்னு ஏழெட்டு வரி. எல்லாத்தையும் கூட்டினாலும் பெரிய தொகை கெடையாது, உண்மையச் சொன்னா ரொம்பக் கம்மிதான். ஆனா அந்தக் காச கட்டறதுக்கு ரெண்டு தடவ ஊட்டி போய்ட்டு வந்ததுலயே அதுக்கு ஈடா செலவாயிருச்சு, சேரம்பாடில இருந்து கூடலூர், கூடலூர்ல இருந்து நடுவட்டம் ஏறி ஊட்டி, ஒரு வழிக்கே பாதி நாள் போயிரும், அன்னிக்கு தோட்டத்துல சம்பளமும் கெடையாது.

இத எதுக்கு சொல்றேன்னா, இப்ப நெறைய பேர் ஒரு யோசன பேசுறாங்க. எல்லா டிகிரியையும் ஃப்ரீயா குடுக்க அரசாங்கத்தால முடியாது, அதனால நாட்டுக்குத் தேவையான பாடத்த மட்டும் ஃப்ரீ பண்ணுங்க, நர்ஸிங், டீச்சிங், சயின்ஸ் மாதிரி, மத்தத படிக்கிறவன் காசு கட்டிப் படிக்கட்டும்னு. கேட்டா நியாயமாத்தான் படும். நானும் கொஞ்ச நாள் அப்படித்தான் நெனச்சிட்டிருந்தேன்.

மொதல்ல ஒண்ணு தெரிஞ்சுக்கணும். பாடம் பாத்து ஃபீஸ் போடுறது தமிழ்நாட்டுக்கு புதுசு இல்ல, யாரும் சட்டம்னு போட்டு அறிவிக்கல, அவ்ளோதான். அரசு கலைக் கல்லூரில யூஜிக்கு ட்யூஷன் ஃபீஸ 2007-ல கலைஞர் ஆட்சில எடுத்துட்டாங்க. அதுக்கு ரொம்ப முன்னாடி, 1984-ல எம்ஜிஆர் காலத்துலயே, சுயநிதி இன்ஜினியரிங் காலேஜுக்கு கதவ திறந்து விட்டாச்சு. 1993-ல யூஜிசி போட்ட புன்னையா கமிட்டி, பல்கலைக்கழகங்க செலவுல ஒரு பங்க ஃபீஸ் மாதிரி வழிகள்ல தாங்களே தேடிக்கணும், அஞ்சு வருஷத்துல 15 சதவீதம், பத்து வருஷத்துல 25 சதவீதம்னு சொல்லுச்சு. அப்புறம் எய்டட் காலேஜுகளுக்கு உள்ளயே ஒரு கோடு விழுந்துச்சு, அரசு சம்பளம் குடுக்குற பழைய டிபார்ட்மெண்ட் எல்லாம் ஒரு பக்கம், காலேஜே காசு வாங்கி நடத்துற செல்ஃப் ஃபைனான்ஸ் இன்னொரு பக்கம். பழைய பக்கத்துல தமிழ், வரலாறு, எகனாமிக்ஸ், ஃபிசிக்ஸ். புதுப் பக்கத்துல பிசிஏ, பிகாம் சிஏ, கம்ப்யூட்டர் சயின்ஸ், அதாவது எத படிச்சா வேலன்னு ஊரே சொல்லுதோ அது.

கவனிச்சுப் பாருங்க, வெளிநாட்டுல பேசுறதுக்கு இது நேர் தலைகீழ். அங்க வரலாறு படிச்சா காசு கட்டு, வேலைக்கான பாடம் படிச்சா சலுகைன்னு பேசுறாங்க. இங்க வேலைக்கான பாடத்துக்குத்தான் காசு, வரலாறு கிட்டத்தட்ட ஃப்ரீ. வரலாறு மேல யாருக்கும் தனிப் பாசம் இல்ல, ஒரு வாத்தியார், ஒரு போர்டு, அம்பது பெஞ்சு இருந்தா நடத்திரலாம், அதான் காரணம்.

நான் அந்தக் கோட்டுக்கு பழைய பக்கம் போய் விழுந்தவன். பன்னெண்டாவது முடிச்சப்ப எனக்கு பிசிஏ படிக்க ஆச. சமவெளில ஒரு எய்டட் காலேஜுக்கு அப்பா கூட்டிட்டுப் போனாரு, ஆஃபீஸ்ல இருந்தவரு மார்க்ஷீட்ட பாத்துட்டு "பிசிஏன்னா செமஸ்டருக்கு இவ்ளோ, ஹிஸ்டரின்னா இவ்ளோ"ன்னு ரெண்டு நம்பர ஒரு துண்டுச் சீட்டுல எழுதிக் காமிச்சாரு. அப்பா டேன்டீல, அதாவது அரசு தேயிலைத் தோட்டக் கழகத்துல வேல, ரெண்டாவது நம்பர மட்டும்தான் பாத்தாரு. நான் ஹிஸ்டரி படிச்சேன். இப்ப எனக்கு வரலாறு ரொம்பப் பிடிக்கும், அது வேற கத, ஆனா அன்னிக்கு என் பாடத்த முடிவு பண்ணினது அந்தத் துண்டுச் சீட்டு. அதனால யாராச்சும் "சில பாடத்த மட்டும் ஃப்ரீ பண்ணலாம்"னு சொன்னா எனக்கு மொதல்ல வர்ற கேள்வி, யாருக்கு எந்தப் பாடம்னு அப்ப யாரு முடிவு பண்ணுவா?

சரி, மத்த நாட்டுல இத செஞ்சு பாத்தப்ப என்ன ஆச்சுன்னு பாப்போம். ஆஸ்திரேலியா கதைய கொஞ்சம் விரிவா சொல்றேன், ஏன்னா ஒரு அரசாங்கம் இத வெளிப்படையா, திட்டம் போட்டு செஞ்சது அங்கதான். அங்க 1974-ல பிரதமர் விட்லம் ஆட்சி ட்யூஷன் ஃபீஸையே ஒழிச்சாங்க. 1989-ல திரும்ப வந்துச்சு, ஆனா வேற ரூபத்துல: படிக்கிறப்ப கட்ட வேணாம், அரசு கடனா எழுதி வெச்சுக்கும், வேலைக்குப் போய் சம்பளம் ஒரு அளவ தாண்டினா வரி மாதிரி அதுல இருந்து புடிச்சுக்கும். 2021-ல இருந்து புதுசா ஒரு ஏற்பாடு, அந்த வருஷ ரேட்டு இது. நர்ஸிங், டீச்சிங், கணக்கு, விவசாயம் படிக்கிறவங்களுக்கு வருஷத்துக்கு 4,000 டாலருக்கும் கீழ. வரலாறு, சமூகவியல், சட்டம், காமர்ஸ் படிச்சா 14,500 டாலர். வரலாறு மாதிரி பாடத்துக்கு அது பழைய ஃபீஸ விட ரெண்டு மடங்குக்கும் மேல. இதுல தமாஷ் என்னன்னா இங்கிலீஷ் இலக்கியம் கம்மி லிஸ்ட்ல இருந்துச்சு, பக்கத்து க்ளாஸ் ரூம் வரலாறு அதிக லிஸ்ட்ல.

பசங்க அப்படியே கும்பலா நர்ஸிங் பக்கம் ஓடுனாங்களான்னா இல்ல. ரொம்பக் கொஞ்சப் பேர்தான் பாடத்த மாத்தினாங்க. 2024 பிப்ரவரில வந்த அவங்க அரசோட பல்கலைக்கழக மறுஆய்வு அறிக்கையே இந்த ஏற்பாடு தோத்துப் போச்சு, சீக்கிரம் சரி பண்ணணும்னு எழுதிருச்சு. இன்னொரு கூத்தும் நடந்துச்சு. சில சயின்ஸ், இன்ஜினியரிங் பாடத்துல மாணவர் கட்டுறது கொறஞ்சப்ப அரசு அந்த ஓட்டைய முழுசா அடைக்கல, அதனால ஒரு மாணவருக்குன்னு யுனிவர்சிட்டி கைக்கு வர்ற மொத்தப் பணமே கொறஞ்சு போச்சு. எந்தப் பாடத்துல ஆள் சேரணும்னு நெனச்சாங்களோ அதே பாடத்துல சீட்ட கூட்ட காலேஜுக்கு மனசு வரல.

ஏன் பசங்க மாறல? என் கணக்குல முக்கியமான எடம் இதுதான். அங்க யாரும் சேர்ற அன்னிக்கு காசு கட்டறதில்ல. பத்து வருஷம் கழிச்சு சம்பளத்துல புடிக்கப் போறதுக்கு பதினெட்டு வயசுப் பையன் இப்ப கவலப்பட மாட்டான், பிடிச்சத படிப்பான். நம்ம ஊர்ல ஜூன் மாசம் கவுண்ட்டர்ல ரொக்கமா கட்டணும். அதனால இங்க பாடத்துக்கு பாடம் ஃபீஸ மாத்தினா, பசங்க கண்டிப்பா மாறுவாங்க, ஆனா எல்லாரும் மாற மாட்டாங்க, காசு இல்லாதவன் மட்டும் மாறுவான். டாக்டர் வீட்டுப் பையன் அவன் நெனச்சதத்தான் படிப்பான், லைன் வீட்டுப் பையன் எது ஃப்ரீயோ அத படிப்பான், அப்புறம் கொஞ்ச வருஷத்துல எது ஃப்ரீயோ அது இல்லாதவங்க படிக்கிற பாடம்னு பேர் வாங்கிரும். எங்க ஊர்ல ஏற்கனவே "ஹிஸ்டரியா?"ன்னு கேக்குற தொனி ஒண்ணு இருக்கு, அந்த ஒத்த வார்த்தைலயே எல்லாம் வந்துரும்.

கடன் வாங்கலாமேன்னு கேப்பீங்க. பேங்க் கல்விக் கடன்ல 4 லட்சம் வரைக்கும் ஈடு கேக்கக் கூடாதுன்னு விதி இருக்கு, அதுக்கு மேல போனா கேள்வி மேல கேள்வி. கூடலூர், பந்தலூர்ல ஈடு வைக்க என்ன இருக்கு? 1969-ல கொண்டாந்த கூடலூர் ஜென்ம நில ஒழிப்புச் சட்டத்துல பிரிவு 17-ன்னு ஒண்ணு இருக்கு, அதுக்குள்ள மாட்டுன நிலத்துல மூணு தலமுறையா குடியிருந்தாலும் பட்டா வராது. தோட்ட லைன்ல இருக்குறவனுக்கு வீடே கம்பெனியோடது. ஆஸ்திரேலியாக்காரன் சம்பளத்துல புடிக்கிற மாதிரி ஒரு ஏற்பாடு இங்க இருந்துச்சுன்னா பட்டா இல்லாததெல்லாம் ஒரு பிரச்சனையே ஆயிருக்காது.

இப்ப எதிர்த்தரப்புக்கும் ஒரு வலுவான சாட்சி இருக்கு, அத மறைச்சா தப்பு. இங்கிலாந்துல நர்ஸிங் படிக்கிறவங்களுக்கு ஃபீஸும் கெடையாது, கைச்செலவுக்கும் அரசு குடுத்துச்சு, 2017-ல அத நிறுத்திட்டு மத்தவங்க மாதிரி கடன் வாங்கிப் படிங்கன்னுட்டாங்க. நர்ஸிங் விண்ணப்பம் அந்த வருஷமே அஞ்சுல ஒரு பங்குக்கு மேல கொறஞ்சுச்சு, அதுலயும் வயசானவங்க, குடும்பம் குட்டி உள்ளவங்கதான் அதிகமா கழண்டுக்கிட்டாங்க. ஆகக்கூடி காசு ஒரு விஷயமே இல்லன்னு சொல்ல முடியாது. ஆனா பாருங்க, 2020-ல நெலமைய சரி பண்ண வந்தப்ப ட்யூஷன் ஃபீஸ அவங்க எடுக்கல, வருஷத்துக்கு 5,000 பவுண்டு, திருப்பிக் குடுக்க வேணாம்னு வாழ்க்கைச் செலவுக்குக் குடுத்தாங்க. புள்ளைய வெச்சுக்கிட்டு படிக்கிற ஒரு அம்மாவுக்கு ஃபீஸ விட வாடகையும் சாப்பாடும்தான் முதுகொடிக்குதுன்னு அவங்களுக்கே புரிஞ்சிருக்கு. எங்க அக்கா கொண்டாந்த ரசீதும் அதத்தான் சொல்லுச்சு.

அடுத்த விஷயம், தேவையான பாடம் எதுன்னு யாருக்குத் தெரியும்? ஊட்டி இந்து நகர்ல ஹிந்துஸ்தான் ஃபோட்டோ ஃபிலிம்ஸ்னு ஒரு மத்திய அரசு கம்பெனி இருந்துச்சு, 1960-ல ஆரம்பிச்சது, சினிமா ஃபிலிமு, எக்ஸ்ரே ஃபிலிமு எல்லாம் அங்க தயாராச்சு. ஒரு காலத்துல எச்பிஎஃப்ல வேலன்னா பொண்ணு குடுக்க வரிசைல நிப்பாங்கன்னு பெரியவங்க சொல்லுவாங்க. அன்னிக்கு யாராச்சும் "நீலகிரிக்குத் தேவையான பாடம் எது"ன்னு லிஸ்ட் போட்டிருந்தா கெமிஸ்ட்ரி மேல நின்னிருக்கும், ஃபிலிம் தயாரிக்கிற கெமிஸ்ட்ரி அதுக்கும் மேல. 90-கள்ல கம்பெனி நொடிஞ்சுது, டிஜிட்டல் வந்ததுக்கு அப்புறம் எழுந்திரிக்கவே இல்ல.

தேயிலைல இருக்குறவங்களுக்கு இது சொல்லாமலே புரியும். நாத்து நட்டு மூணு நாலு வருஷம் ஆகும் ஒழுங்கா இலை எடுக்க, ஒரு டிகிரிக்கும் அதே மூணு நாலு வருஷம்தான். கிலோ நல்ல ரேட்டு போகுதுன்னு உருளக்கிழங்கு போட்ட எடத்தையெல்லாம் தேயிலையா மாத்தினவங்க, 90-கள் கடைசில பச்சத் தேயிலை வெல விழுந்தப்ப பட்டது ஊருக்கே தெரியும். இன்ஜினியரிங்லயும் அதுதான் நடந்துச்சு, காலேஜு 500-க்கும் மேல போய், கடைசில சிவில், மெக்கானிக்கல் சீட்டெல்லாம் ஆள் இல்லாம காத்து வாங்குச்சு. அதுக்கு முன்னாடி டீச்சர் ட்ரெய்னிங். தெருவுக்குத் தெரு பயிற்சிப் பள்ளி வந்துச்சு, எல்லா வீட்லயும் ஒரு டீச்சர் ட்ரெய்னிங் முடிச்ச பொண்ணு, 2012-ல டெட்னு ஆசிரியர் தகுதித் தேர்வு வந்தப்ப படிச்சு முடிச்சு காத்துட்டு இருந்தவங்க கூட்டம் எவ்ளோன்னு எல்லாரும் பாத்தோம். ரேட்ட பாத்து நடுறது விவசாயிக்கே கைகூடல, அரசாங்கத்துக்கு மட்டும் எப்படிக் கூடும்?

அதோட அந்த லிஸ்ட எங்க உக்காந்து போடுவாங்க? சென்னைலயோ டெல்லிலயோதான். ஊட்டி அரசு கலைக் கல்லூரி 1955-ல தொடங்கினது, வெள்ளக்காரக் கலெக்டர் சல்லிவன் 1820-கள்ல கட்டின ஸ்டோன் ஹவுஸ் வளாகத்துல இருக்கு. அங்க வைல்டுலைஃப் பயாலஜின்னு ஒரு டிகிரி இருக்கு. தமிழ்நாட்டுல ரொம்பச் சில காலேஜுலதான் அந்தப் பாடம் கெடைக்கும். நாட்டுக்குத் தேவையான பத்து பாடம்னு யார் லிஸ்ட் போட்டாலும் அது அதுல வராது, நான் பந்தயம் கட்டுறேன். ஆனா பந்தலூர், சேரம்பாடி பக்கம் வந்து ஒரு வாரம் தங்கிப் பாருங்க, சாயங்காலம் ஆறு மணிக்கு மேல வெளிய போகணும்னா மொதல்ல கேக்குற கேள்வி "ஆன எங்க நிக்குது?" அந்த ஆன ஏன் இந்த வழில வருது, எந்த மாசம் வருதுன்னு படிச்சுத் தெரிஞ்ச ஆளு எங்களுக்கு கம்ப்யூட்டர் ஆளவிட அவசரமாத் தேவ. அதே மாதிரி, தோடர் ரெண்டாயிரம் பேர் சொச்சம்தான் இருக்காங்க, அவங்க மொழிய எழுதி வைக்க மொழியியல் படிச்சவங்க வேணும். கோத்தர், குறும்பர், இருளர், பணியர், காட்டுநாயக்கர்னு ஒவ்வொருத்தருக்கும் தனிப் பேச்சு. முத்தோரை பாலாடால பழங்குடி ஆராய்ச்சி மையமே இருக்கு. இதெல்லாம் லிஸ்ட்ல ஏறுமா?

அப்ப எதுவுமே செய்ய வேணாமான்னா, அப்படியும் இல்ல. தமிழ்நாட்டுல இன்னொரு விதமான கணக்கு ஏற்கனவே ஓடிட்டிருக்கு, அது பாடத்தவிட ஆளப் பாக்குது. 2020-ல மருத்துவத்துக்கு வந்த 7.5 சதவீத உள்ஒதுக்கீடு, 2021-ல இன்ஜினியரிங், விவசாயம், கால்நடை, சட்டம்னு போச்சு. அரசுப் பள்ளில படிச்சு அதுல சேர்றவங்களுக்கு ட்யூஷன் ஃபீஸ் மட்டுமில்ல, ஹாஸ்டல் செலவு, கவுன்சிலிங் கட்டணம் வரைக்கும் அரசே கட்டுது. 2022 செப்டம்பர்ல புதுமைப் பெண், 2024 ஆகஸ்ட்ல தமிழ்ப் புதல்வன், மாசம் ஆயிரம் ரூபா, எந்தப் பாடம் படிச்சாலும். இதுல எனக்கு ரொம்பப் பிடிச்சது அந்த ஹாஸ்டல் செலவ சேத்த எடம். ட்யூஷன் ஃபீஸ் ஜீரோ பண்றது பேப்பர்ல தலைப்புச் செய்தி ஆகும், ஹாஸ்டல்ல இன்னொரு அம்பது கட்டில் போடுறது ஆகாது, ஆனா சேரம்பாடி பொண்ணு ஊட்டில படிப்பாளா மாட்டாளாங்கறத அந்தக் கட்டில்தான் முடிவு பண்ணுது. பிற்படுத்தப்பட்டோர் விடுதியும் ஆதிதிராவிடர் விடுதியும் இருக்கு, எடம் கெடச்சவங்களுக்கு பெரிய புண்ணியம், கெடைக்காதவங்க மூணு பேரா சேந்து ரூம் எடுத்து, குளிருக்கு ஒரு கம்பளி வாங்கறதுக்கே யோசிச்சிட்டு இருப்பாங்க. பெண்களுக்கு இலவச பஸ் கூட கீழ 2021-லயே வந்துருச்சு, மலைக்கு ஏறி வர 2024 ஆச்சு.

குறிப்பிட்ட சில வேலைக்கு ஆள் வேணும்னா அதுக்கும் வழி இருக்கு. புனேல ராணுவ மருத்துவக் கல்லூரி எப்படி நடக்குதோ அப்படி. படிப்பு செலவ அரசு ஏத்துக்கும், முடிச்சதும் இத்தன வருஷம் ராணுவத்துல வேல செய்யணும், இல்லன்னா காச கட்டிட்டுப் போ. இங்க சலுகை பாடத்துக்கு இல்ல, பின்னாடி செய்யப் போற வேலைக்கு, அந்த வித்தியாசம் பெருசு. நர்ஸிங்க எல்லாருக்கும் ஃப்ரீ பண்ணினா படிச்சவங்க நேரா வெளிநாட்டுக்கு ஃப்ளைட் ஏறலாம், தப்பில்ல, அவங்க வாழ்க்க. ஆனா காசு போட்டது எருமாடு ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்துல ராத்திரி டூட்டிக்கு ஒரு ஆள் வேணும்னுதானே? அப்ப தள்ளுபடிய அந்த டூட்டியோட கட்டி வைக்கணும். ஊட்டில புதுசா வந்த அரசு மருத்துவக் கல்லூரில 150 சீட் இருக்கு, அதுல இருந்து வெளிய வர்றவங்கள்ல எத்தன பேரு மலைலயே நிப்பாங்கங்கறது இன்னும் சில வருஷத்துல தெரிஞ்சிரும், என்னக் கேட்டா சும்மா நிக்க மாட்டாங்க, நிக்கிறதுக்கு ஒரு காரணம் குடுக்கணும்.

காரணம் சில சமயம் ரொம்ப சிம்பிளா இருக்கும். கூடலூர்ல அஸ்வினி ஆதிவாசி ஆஸ்பத்திரின்னு ஒண்ணு, 1990-ல தொடங்கின அமைப்பு. ஆரம்பத்துல இருந்தே பணியர், காட்டுநாயக்கர், குறும்பர் பொண்ணுங்களையே எடுத்து நர்ஸ் வேலைக்குப் பழக்கினாங்க. வெளில இருந்து வந்தவங்க மழைக்காலம் ரெண்டு பாத்ததும் மூட்டையக் கட்டிருவாங்க, இந்தப் பொண்ணுங்க எங்க போவாங்க, இவங்க ஊரே இதுதானே. எந்தப் பாடம் ஃப்ரீங்கற கேள்விக்கு முன்னாடி யாரு படிக்கிறாங்கன்னு கேட்டிருக்காங்க.

அக்கா பொண்ணு வைல்டுலைஃப் பயாலஜிதான் எடுத்திருக்கா. நான் சொல்லி எடுக்கல, அவளே எடுத்தா, பிசிஏக்கு முயற்சி பண்ணலாம்னு நான்தான் சொன்னேன், உண்மைய ஒத்துக்கறேன். ஆடில நடுவட்டத்துக்கிட்ட மண்ணு சரிஞ்சு ரெண்டு நாள் பஸ் இல்லாம வீட்லயே மாட்டிக்கிட்டா. அப்ப அக்கா என்கிட்ட கேட்டுச்சு, "தம்பி, இத படிச்சா ஃபாரெஸ்ட்ல வேல கெடைக்குமாப்பா?" பரீட்ச எழுதலாம்க்கான்னு சொன்னேன். "அது சரி, ஹாஸ்டல்ல எடம் எப்ப வரும்?"னு கேட்டுச்சு. அதுக்கு எனக்கு பதில் தெரியல, விடுதி வார்டன் நம்பர மட்டும் எழுதிக் குடுத்துட்டு வந்தேன்.